திரும்பி வருவதற்கான வாதம்

ஜூலை 6

பண்டிதை அம்மாளுக்கு,

ரொட்டிக்காரன் எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

"போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. எழுதுங்க. எழுதும்போது யாரும் கத்த முடியாது" என்று நம் மகள் சட்டம் போட்டாலும் போட்டாள், பேனாவைத் தேடியே எனக்குப் பாதி நாள் போகிறது. அவளுக்குத் தெரியாது, நான் எழுதும்போதும் கத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

லீவு முடிந்து நீ காலேஜுக்குக் கிளம்பியதிலிருந்து கடை கடையாக இல்லை. உன் இடத்தில் கவுன்டரில் வைத்திருக்கும் பெண்ணுக்கு வாய் ஓயாது. பன் கேட்டால் ரொட்டியைக் கட்டிக் கொடுக்கிறாள், ரொட்டி கேட்டால் கதை சொல்கிறாள். நேற்று அங்கே என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்க்க வந்தேன், உள்ளே ஒரு தட்டு பன் கருகிப்போனது. நீ இருந்தபோது ஒரு நாளாவது தட்டு கருகியிருக்கிறதா? மத்தியானம் வீட்டுக்குப் போனால் நிலைகொள்ளவில்லை. படுத்தால் எழுந்து உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் கடைக்குப் போகத் தோன்றுகிறது. கடைக்குப் போனால் மாவு உப்பி வருகிறவரை அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பவும் வீடு. எதிர்வீட்டுக்காரர் "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார்.

என் அக்கா வந்திருந்தாள். "இந்த வயசுல பி.ஏ. படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா? அதுவும் சரித்திரமும் தத்துவமும்! செத்தவங்களைப் பத்திப் பாதி, செத்த பிறகு என்னன்னு பாதி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்காக அடக்கிக்கொண்டேன்.

ஒரு வருஷம் படித்தாய். நல்ல மார்க்கும் வாங்கினாய், தெரு முழுக்கச் சொன்னேன். ஆசை தீர்ந்ததல்லவா? மீதி ரெண்டு வருஷம் எதற்கு? போதும், வந்துவிடு. கவுன்டரில் ஆளில்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

உன் கடிதங்களை ரெண்டு ரெண்டு தடவை படிக்கிறேன், சத்தியம். பாட விஷயம் வருகிற இடத்தை மட்டும் தாண்டிவிடுவேன். அது எனக்கு எதற்கு? அதைப் படித்தால் மாவு உப்பிவிடுமா?

அடுப்பு கூப்பிடுகிறது.

உன்
ரொட்டிக்காரன்

*

ஜூலை 17

என்னங்க,

உங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

எங்கள் சரித்திர வாத்தியார், எந்தச் சான்றைக் கையில் எடுத்தாலும் யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எழுதியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்கச் சொல்வார். உங்கள் கடிதத்தை அப்படித்தான் படித்தேன். தட்டு கருகியது என்று சொல்பவருக்குத் தட்டு கருகுவதில் ஆதாயம் இருக்கிறது. ஆகவே சந்தேகத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம், நான் இருந்தபோதும் கருகியிருக்கிறது. உங்கள் முகம் வாடக் கூடாதென்று கருகியதைச் சுரண்டி, மறுபடி வாட்டி, ரஸ்க் என்று விற்றவள் நான்தான்.

உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், நான் எதையும் கிழிக்க வரவில்லை. கிழிந்ததைப் படித்துத்தான் வந்தேன். ரொட்டி சுற்றுவதற்குப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவோமே, அதில் ஒரு தாள் "ஆகவே" என்று ஆரம்பித்தது. அதற்கு முன்னால் என்ன சொல்லியிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள மூட்டை முழுவதும் கொட்டித் தேடினேன். அந்தப் பக்கத்தில் யாருக்கோ ரொட்டி சுற்றிக் கொடுத்துவிட்டேன் போல. அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் எனக்கு வந்த எரிச்சலை நீங்கள் பார்த்தீர்கள். "தலைவலியா?" என்று கேட்டீர்கள்.

இங்கேயும் நான் சும்மா உட்கார்ந்து சொகுசு காணவில்லை. என் அறையில் இருக்கும் சின்னப்பெண்ணுக்கு வாலு என்று பட்டம் வைத்திருக்கிறேன். "ஆன்ட்டி, நீங்க படிக்கிறீங்களா, இல்ல ரூமை அளக்குறீங்களா?" என்கிறாள், அப்படி நடக்கிறேன். ஒரு கேள்வி தலைக்குள் நுழைந்தால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. போன வாரம் பழைய காலத்து ரொட்டிப் பஞ்சம் ஒன்றைப் பற்றி, பழியெல்லாம் கடைக்காரர்கள்மேல் போட்டிருந்ததை மறுத்து, சரித்திரக் கட்டுரை எழுதினேன். "நீங்க எப்பவும் கடைக்காரங்க பக்கமே சாயுறீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் வாத்தியார். நியாயம்தான். மறுபடி எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் தத்துவத்தில் வாதமும் மறுப்பும் என்று ஒரு பாடம். நடத்துகிற மேடம் நம் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். நமக்குப் பிடிக்காத கருத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை நாமே நம்புவதைப் போல, நம் வாயாலேயே, கொஞ்சமும் கேலி இல்லாமல் எழுத வேண்டும். எதிராளி படித்துவிட்டு "ஆமா, நான் சொல்ல வந்தது இதேதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் மார்க். அதற்குப் பிறகுதான் மறுப்பு எழுத அனுமதி. மற்றவர்கள் அரசு, கடவுள் என்று பெரிய பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். நான் உங்கள் கட்சியை எடுத்துக்கொண்டேன், நான் படிப்பை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதை. எழுதி முடித்ததும் அனுப்புகிறேன்.

கழுத்து வலிக்கு ஒத்தடம் கொடுங்கள். மாவு மூட்டையைத் தனியாகத் தூக்காதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

*

ஆகஸ்ட் 2

என்னங்க,

போன கடிதத்தில் சொன்னேனே, அது இதோ. படித்துப் பார்த்து, உங்கள் மனசில் இருப்பதும் இதுதானா என்று எழுதுங்கள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

நான் ஏன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்

எங்கள் கடை இரண்டு பேருக்காகக் கட்டப்பட்டது. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். ஒருவர் போனால் பாதிக் கடையாவது ஓடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலில் பாதியை எடுத்துக்கொண்டு போனால் மீதிப் பாதி எதை வெட்டும்?

இந்தப் படிப்பு எனக்கு நல்லது. அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு நல்லது என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. நான் இங்கே உட்கார்ந்து படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கே ஒருவர் தனியாக நின்று மாவு பிசைகிறார். அவர் சம்மதித்துத்தானே வந்தேன் என்று சொல்லலாம். மகள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருக்கும்போது, அத்தனை பேர் முன்னால்தான் நான் கேட்டேன். "போயிட்டு வா" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல அவருக்கு நான் இடம் வைக்கவில்லை. மறுக்க வழியில்லாதவர் சொல்லும் "சரி"யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அவர் கேட்கத் தெரியாதவர். "தனியாக இருக்க முடியவில்லை" என்று அவருக்குச் சொல்ல வராது. "கவுன்டரில் ஆளில்லை" என்பார். நான் அந்த வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில், என்றோ செத்துப்போனவர்கள் எழுதியதற்குப் பின்னால் என்ன நினைத்திருப்பார்கள் என்று மணிக்கணக்காக யோசிக்கிறேன். உயிரோடு இருக்கும் ஒரு மனுஷனுக்காக அந்த யோசனையில் கால்வாசி செலவழித்தேனா?

புத்தகம் எங்கேயும் போகாது. அடுத்த வருஷமும் அதே பக்கத்தில் அதே வரி இருக்கும். மனிதர்கள் அப்படி இருப்பதில்லை. ஆகவே நான் திரும்ப வேண்டும்.

*

ஆகஸ்ட் 9

என் ராஜாத்திக்கு,

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தபால்காரர் கொடுத்ததும் மாவுக் கையோடு பிரித்தேன், தாளெல்லாம் மாவு. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதேன். அழுவதற்குத் தோதான இடம் அதுதான், யார் பார்த்தாலும் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அவர் கேட்கத் தெரியாதவர்" என்று எழுதியிருக்கிறாயே, எப்படிக் கண்டுபிடித்தாய்? எனக்கே தெரியாத விஷயம் அது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மனசில் இருப்பதும் இதுதானா என்று கேட்கிறாய். ஆமாம், ஆமாம், இதேதான். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். வியர்வையில் நனைந்துவிடப் போகிறது என்று பன் சுற்றும் உறையில் போட்டு வைத்தேன்.

கவுன்டர் பெண்ணை வேறு கடையில் சேர்த்துவிட்டேன். கொஞ்சம் அழுதாள், பரவாயில்லை. கவுன்டர் பலகையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தாயிற்று. உன் ஸ்டூலுக்கு முதுகு வைக்கச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன், உனக்கு இடுப்பு வலிக்குமே. அக்காவிடம் போய், "பாத்தியா, என் பொண்டாட்டி வர்றா!" என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னவோ இழுத்தாள், நான் காதில் வாங்கவில்லை.

நீ தனியாகச் சாமான் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன். ரெண்டு காலிப் பெட்டி கொண்டுவருகிறேன். உன் புத்தகம் எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம், எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். ஹாஸ்டல் பெண்களுக்கு ஒரு பெட்டி பன் போடுகிறேன்.

தலைகால் புரியாத
உன்னவன்

*

ஆகஸ்ட் 18

என்னங்க,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? சாப்பிட்டீர்களா? நீங்கள் சனிக்கிழமை வருவதாக எழுதிய கடிதம் எனக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது. அதைப் படித்த பிறகுதான் அன்றைக்கு நடந்தது முழுவதும் எனக்குப் புரிந்தது.

பார்வையாளர் அறையில் காலிப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். சலவைச் சட்டை. பெண்கள் பன்னைச் சாப்பிட்டுக்கொண்டு உங்களைச் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எல்லாத்தையும் கட்டிட்டியா?" என்று கேட்டீர்கள். "எதை?" என்றேன். "சாமானைத்தான். நீதானே எழுதியிருந்தே, வரேன்னு" என்று பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். "ஐயோ, இது பாடம்ங்க" என்றேன். வாலுவும் சிரித்தாள். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நிஜமாக. திடுக்கிட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், உங்களுக்கே தெரியும். நம் மகள் பிறந்தபோது டாக்டர் திட்டினாரே, அப்போதும் அதே சிரிப்புத்தான். ஆனால் நீங்கள் தாளை மடித்து வைத்த விதத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு செத்துவிட்டது. "ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டீர்கள். டீ கூடக் குடிக்கவில்லை. உங்கள் ட்ரெயின் சாயங்காலம்தான் என்று எனக்குத் தெரியாதா? ஸ்டேஷன் வரை ஓடிவந்தேன். பெட்டிகளோடு எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களோ, என் கண்ணில் படவில்லை.

எனக்குக் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு பத்தியைத் தாண்டாமல் படித்திருந்தால் இது நடந்திருக்காது. "நிஜமாகவா வருகிறாய்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். அக்காவிடம் சொல்ல நேரம் இருந்தது, ஆசாரியிடம் சொல்ல நேரம் இருந்தது. என்னைக் கேட்க மட்டும் நேரம் இல்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

*

ஆகஸ்ட் 25

அம்மாளுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ஸ்டூல் வந்துவிட்டது. முதுகு நன்றாக இருக்கிறது என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். உட்கார ஆளில்லை.

போன பெண்ணைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தேன். "நெஜமாவே கூப்பிடுறீங்களா, இல்ல இதுவும் ஏதாச்சும் பாடமா?" என்கிறாள். ஊருக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அது அதைவிட மோசம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், படித்தவள் நீ பதில் சொல்லு. என்னை வைத்து எழுதினாயே, எத்தனை மார்க் போட்டார்கள்? நீ வருவதாக எழுதியது பொய். சரி, அது போகட்டும். "அவர் கேட்கத் தெரியாதவர்" என்று எழுதினாயே, அதுவும் பொய்யா? என்னை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தது மார்க்குக்காகத்தானா?

அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. உப்புப் போட மறந்து ஒரு நாள் ரொட்டி முழுவதும் வீணாயிற்று.

ரொட்டிக்காரன்

*

செப்டம்பர் 6

என்னங்க,

பொய் இல்லை.

நான் வருகிறேன் என்பதைத் தவிர அதில் ஒன்றும் பொய் இல்லை. எழுத உட்காரும்வரை உங்களைப் பற்றி எனக்கும் அவ்வளவு தெரியாது. ஒரே வீட்டில் இருந்தபோது நீங்கள் சொல்வதற்குப் பதில் சொல்லவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. இங்கே வந்து, உங்களை எதிராளி என்று வைத்துக்கொண்டு, இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நடந்து நடந்து யோசித்தபோதுதான் அது வந்தது. எழுதும்போது நானும் அழுதேன். எனக்குப் புகையும் இல்லை, சமாளிக்க. வாலு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வகுப்பிலேயே முதல் மார்க். சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அடுத்த பாதியான மறுப்பை எழுதித் தர வேண்டும், என்னால் முடியவில்லை. மேடம் ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். "உங்க முதல் பாதி நெஞ்சுல அடிக்குது, ரெண்டாவது பாதி நொண்டுது. உங்க வீட்டுக்காரர் கட்சியை இவ்வளவு பலமா எழுதினா, அதுக்கு ஈடா ஒரு பதில் வேணும்ல? பதில் இல்லைன்னா, மனசாட்சிப்படி நீங்க பெட்டியைக் கட்டணும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

படிக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். நீங்களும் நானும் சமம் என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரிதான். ஆனால் அதெல்லாம் யாரோ ஒரு கணவருக்குச் சொல்லும் பதில். உங்களுக்குச் சொல்லும் பதில் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடக்கிறேன். நூலகத்தில் மூன்று புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றையும் படிக்காமல் எழுந்துவிடுகிறேன். பெட்டியை ஒரு தடவை கீழே இறக்கிவைத்தேன். மறுபடி மேலே வைத்தேன். என்னால் மறுக்க முடியாவிட்டால் நான் வரத்தான் வேண்டும், அது எனக்குத் தெரிகிறது.

உங்களையே கேட்கிறேன். கொழுப்புத்தான், திட்டுங்கள். அந்த வாதம் உங்களுடையது. அதில் எங்கே ஓட்டை?

உங்கள்
வீட்டுக்காரி

*

செப்டம்பர் 20

அம்மாடி,

உன் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை ஒரு வரியையும் தாண்டவில்லை. பழைய கடிதங்களையும் எடுத்தேன், அந்த ரொட்டிப் பஞ்சத்தையும் படித்தேன். கடைக்காரன்மேல் அத்தனை பழி போட்டிருக்கிறார்களே, நீ சாய்ந்ததில் தப்பே இல்லை.

ஓட்டை எங்கே என்று கேட்டாய். சொல்கிறேன், மேடத்திடம் போய் என் பெயரில் சொல்.

கத்தரிக்கோல் என்று எழுதினாயே, அது தப்பு. கடை நன்றாகத்தான் ஓடுகிறது. சொன்னால் உனக்குக் கோபம் வரும், அந்தப் பெண் உன்னைவிட அதிகமாக விற்கிறாள். அவள் கதை கேட்கவே ஆட்கள் வருகிறார்கள். கவுன்டரில் ஆளில்லை என்று நான் எழுதியதெல்லாம் சும்மா. நான் தனியாக நின்று மாவு பிசைகிறேன் என்று உருகியிருக்கிறாய். மாவு பிசையும்போது நான் எப்போதும் தனியாகத்தான் நின்றேன். யாராவது பக்கத்தில் வந்தால் எனக்குப் பிடிக்காது, நீ வந்தாலும் விரட்டுவேன். மறந்துவிட்டாயா? அத்தனை பேர் முன்னால் கேட்டதால் மறுக்க முடியவில்லை என்றாயே, அதுவும் இல்லை. தனியாகக் கேட்டிருந்தாலும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். நீ ஒரு மாதத்தில் அலுத்துத் திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

ஆக, நீ எனக்காக அடுக்கிய காரணத்தில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. நீ என்னை நல்லவனாக எழுதிவிட்டாய். எனக்கு இருந்தது பயம் ஒன்றுதான். லீவுக்கு வந்தபோது நீ வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தாய். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்ளாமல் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்தாய். அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு, இவள் இனி வர மாட்டாள் என்று பட்டது. அதைக் கேட்கப் பயந்துதான் "பாதியிலேயே வா, இப்போதே வா" என்று கத்தினேன். ஒருத்தன் பயப்படுகிறான் என்பதற்காக இன்னொருத்தி படிப்பை விட வேண்டுமா? வேண்டாம். இதுதான் ஓட்டை. எழுதிக் கொடு.

இப்போது கேட்கிறேன். இதைக் கேட்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. படிப்பு முடிந்த பிறகு நீ இங்கே வருவாயா? பாடம் வேண்டாம், சமாதானம் வேண்டாம். நேராகச் சொல்லு.

உன்
ரொட்டிக்காரன்

*

அக்டோபர் 4

என்னங்க,

இல்லைங்க. வர மாட்டேன்.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தபோதும் அந்த வரி அப்படியேதான் இருந்தது, அடிக்கத் தோன்றவில்லை.

உங்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. நீங்கள் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, மற்றவர்கள் முன்னால் மட்டம் தட்டியதில்லை. காரணம் கேட்டால் ஊர் ஒப்புக்கொள்கிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கவுன்டரில் நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். சிரித்துச் சிரித்து, நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. இங்கே ஒரு கேள்வி கேட்டால், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை நாலு பேர் காத்திருக்கிறார்கள். பிறகு நான் சொன்னது தப்பு என்கிறார்கள். அந்தத் தப்புகூட எனக்கு வேண்டியிருக்கிறது. நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைப் போலவே அலைகிறேன். ஆனால் இது நானாகத் தேடிக்கொண்ட அலைச்சல், இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. படிப்பு முடிந்ததும் மேலே படிப்பேன். இங்கே பழைய ஆவணங்களை வைத்துப் பாதுகாக்கிற அலுவலகத்தில் ஆள் எடுப்பார்கள் என்று சரித்திர வாத்தியார் சொல்கிறார். முயற்சி செய்வேன்.

நீங்கள் சொன்ன ஓட்டையை எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். "எதிராளி" என்றேன்.

லீவில் நான் தண்ணீருக்காகச் சுற்றிப் பார்த்ததைக் கவனித்தீர்களே. என்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிற இன்னொருவர் எனக்குக் கிடைக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் நானும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இங்கே வருகிறீர்களா? இந்த ஊரிலும் ரொட்டி சாப்பிடுகிறார்கள். மோசமான ரொட்டி. ஒரு சின்ன வீடு, தெருமுனையில் ஒரு அடுப்பு. நான் கவுன்டரில் உட்கார மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நானே உங்களுக்காக எழுதிவிடலாம். நன்றாகவும் எழுதுவேன். வேண்டாம். நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

*

அக்டோபர் 15

அம்மாடி,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. முதல் வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். வலித்தது. நேராகச் சொல் என்று நான்தானே கேட்டேன், யாரை நோவது.

நீ கூப்பிட்டதை நினைத்து இந்த வாரம் முழுக்க நடந்தேன். உன் ஊரில் ஒரு அடுப்பு வைத்துப் பார்த்தேன், மனசில்தான். சாயங்காலம் நீ வருகிறாய், கையில் புத்தகம், என்னிடம் ஏதோ சொல்கிறாய். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கிற என்னைத்தான் அங்கே வைக்க முடியவில்லை. இங்கே வாசலில் நின்றால், யார் வீட்டுக்கு எத்தனை ரொட்டி, யாருக்கு ஓரம் வெட்ட வேண்டும், யாருக்கு முறுகலாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் உன் பின்னால் வந்த ஆளாக இருப்பேன். ஒரு மாதத்தில் உன்மேல் எரிந்து விழுவேன். நீ படிப்பை விட்டுவிட்டு வந்திருந்தால் என்மேல் எப்படி எரிந்து விழுந்திருப்பாயோ அப்படி. நான் வர மாட்டேன், அம்மாடி. கோபத்தில் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் நான் கோபத்தில் எப்படி எழுதுவேன் என்று.

அக்கா கேட்டாள், "எப்பத்தான் வர்றா?" என்று. "வரலை" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

உன் சாமான்களில் எது வேண்டும் என்று எழுது, அனுப்பிவைக்கிறேன். குளிர்காலத்துப் போர்வையை நீ கேட்காமலே கட்டிவிட்டேன். பரீட்சை நன்றாக எழுது. சாப்பாட்டில் கஞ்சத்தனம் பண்ணாதே.

மகள் அடுத்த வாரம் லீவில் இங்கே வருகிறாள். உன்னைப் பற்றிக் கேட்பாள். அவளிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

ரொட்டிக்காரன்